வேண்டாம் என்று சொல்ல ஒரு கதவு

டொரொண்டோ
2023 மார்ச் 3, வெள்ளி

அன்புள்ள சுல்மீரா அக்காவுக்கு,

ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மருமகன் பெல்மீரோ. பேத்தி கெய்ட்லின். ஒரு பெட்டி டோனட்டோடு வந்த என் மகன் குவால்டர். ஃபால் ரிவரிலிருந்து எல்லை தாண்டி ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்து, முகம்கூடக் கழுவாமல் நின்ற உன் மகன் அர்செனியோ. சுவருக்கு அந்தப் பக்கம், மேஜைமேல் என் மகள் லுசீலியா. அவளைத் திறந்த டாக்டர் மெக்காஸ்கில், அந்த அம்மாவோடு நான் பெயர் கேட்காத ஆறேழு பேர். இன்னும் ஒருவர் இருந்தார். அவர் பெயரை ஆஸ்பத்திரி எங்களுக்குச் சொல்லாது. இறந்துபோனவர். அவருடைய ஈரல்தான் வந்திருந்தது. இவர்களைத் தவிர வேறு யாராவது தானும் இருந்ததாக உன்னிடம் சொன்னால் நம்பாதே. பெல்மீரோவின் அம்மா அப்படிச் சொல்லக்கூடியவள்.

அக்கா, பிழைத்துவிட்டாள்! உனக்குப் போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும், மீதியை நீயே சேர்த்துக்கொள்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். லுசீலியாவின் போன் அடித்தது. "ஆமா... ஆமா... சரி" என்று மட்டும் பேசினாள். வைத்துவிட்டு, மஞ்சளடித்த கண்ணால் என்னைப் பார்த்து, "அம்மா, அடுப்ப அணை. வந்திருச்சாம்" என்றாள். மீனை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, கிளம்பும்போது என் காலணி ஒன்றைக் காணோம். கெய்ட்லினுடைய பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன்.

மேஜைக்குக் கொண்டுபோவதற்கு முன் டாக்டர் அம்மா எங்களிடம் வந்து உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேசும் டாக்டர்களை எனக்குப் பிடிக்காது, இவர் உட்கார்ந்தார்.

"இந்த ஈரல்ல கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்திம்மா. முன்னாடியெல்லாம் ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு வருவோம். இந்த மாதிரி ஈரல்னா, உள்ள வெச்சா வேலை செய்யுமா செய்யாதான்னு பயந்து வேண்டாம்னு விட்டுருவோம். இப்ப ஒரு மெஷின் இருக்கு. உடம்புச் சூட்டுலயே ரத்தம் ஓட்டி, உயிரோட வெச்சிருக்கோம். வேலை செய்யுதான்னு முதல்லயே பாத்துக்கலாம்."

"செய்யுதா?" என்றேன்.

"பித்தம் சுரக்குது" என்று சிரித்தார்.

யாருக்காக அக்கா சுரக்கிறது? அது யார் வயிற்றிலும் இல்லை. ஒரு பெட்டிக்குள் தனியாகக் கிடந்துகொண்டு, ஆள் கூப்பிடும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டது! நாற்பது வருஷம் பாங்க் கட்டடங்களில் தரை துடைத்தவள் நான். இப்படி ஒரு வேலைக்காரி என்னோடு வேலை செய்ததில்லை.

உள்ளே வைத்துத் தையல் போட்டு டாக்டர் வெளியே வந்தபோது பெல்மீரோ அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டான். அந்த அம்மா, "பரவால்ல, எப்படியும் திரும்பக் கழுவத்தான் போறேன்" என்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. காத்திருக்கும்போது குவால்டர் உன் மகனைச் சீண்டினான். "வாடா வீரா! போன வருஷம் ஈரல் தர்றேன்னு வந்து, எங்கம்மா சுட்ட இனிப்பு ரொட்டிய மட்டும் தின்னுட்டு ஓடினவன்தானே நீ? இந்தா, டோனட்டு. இதுக்காவது நிப்பியா?" நான்தான், "வாய மூடுடா. பொருந்தலன்னு ஆஸ்பத்திரியே சொல்லிருச்சு, அவன் என்ன பண்ணுவான்? உனக்குந்தான் பொருந்தல" என்று அடக்கினேன். உடனே அர்செனியோ எழுந்து வெளியே போய்விட்டான். குவால்டர் கேலி செய்தபோது உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்காகப் பேசியபோது போய்விட்டான். ஏன் அக்கா?

இன்னும் சில நாள் இங்கேதான் இருப்பான். நன்றாகச் சாப்பிட வைக்கிறேன்.

உன் தங்கை,
தியோலிந்தா


ஃபால் ரிவர்
மார்ச் 11

என் கண்ணான தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. கோவிலில் எல்லோருக்கும் உரக்க வாசித்தேன், பெல்மீரோவின் அம்மாவைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிட்டு. பெட்டிக்குள்ளேயே பித்தம் சுரந்தது என்ற இடத்தில் கிழவிகள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பாதிரியார் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

லுசீலியாவுக்காக சாந்தோ கிறிஸ்தோ சாமிக்கு நேர்ந்திருந்தேன். பிழைத்தால் மெழுகில் ஈரல் செய்து வைப்பதாக. மெழுகுக் கடைக்குப் போனால் கை இருக்கிறது, கால் இருக்கிறது, தலை, மார்பு, குழந்தை எல்லாம் இருக்கிறது. ஈரல் இல்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல பாட்டி" என்கிறான். "இனிமே கேப்பாங்க, செஞ்சு வெய்யி" என்றேன். இப்போதைக்கு ஒரு முழு வயிறு வாங்கியிருக்கிறேன். உள்ளே ஈரல் இருக்கும் என்று சாமிக்குத் தெரியாதா?

அர்செனியோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவனுக்கு ரத்தத்தில் சர்க்கரை. அதனால்தான் போன வருஷம் வேண்டாம் என்றார்கள். அதை நினைத்து மருகுகிறான். நீ அவனைக் குடையாதே. சீக்கிரம் அனுப்பி வை, இங்கே வேலை கிடக்கிறது.

லுசீலியாவுக்கு என் முத்தங்கள். அவளைப் பனியில் வெளியே விடாதே.

உன் அக்கா,
சுல்மீரா


டொரொண்டோ
மார்ச் 20

சுல்மீரா அக்காவுக்கு,

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன், நல்லது நிறைய இருக்கிறது.

அவள் கண் வெளுத்துவிட்டது! எத்தனை வருஷம் பழைய பியானோக் கட்டை மாதிரி மஞ்சளாக இருந்த கண். காலையில் ஜன்னல் பக்கம் திரும்பினாள், நான் பார்த்தேன், முட்டை ஓடு மாதிரி வெள்ளை. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தினமும் பார்க்கிறவள்தான், ஆனாலும் எனக்காகக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

அறுத்த மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். வயிறு நெடுக ஊக்குப் போட்டிருக்கிறது, இரண்டு குழாய் தொங்குகிறது, நடக்கிறாள். "இவங்களுக்கு முன்னாடியே பழக்கம் இருக்குல்ல" என்றாள் நடக்க வைக்கும் பெண். இலையுதிர் காலம் முழுக்க டஃப்பரின் மாலில் என்னையும் இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தாளே, கையில் முட்டை, பீன்ஸ் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அது இவர்கள் சொல்லிச் செய்ததுதான். கத்தி வைப்பதற்கு முன்பே உடம்பைத் தேற்றி வைத்தால் பிறகு எழுந்திருப்பது சுலபமாம். அப்போது நான் திட்டினேன், சாகக் கிடக்கிறவளை நடக்க வைக்கிறார்களே என்று. இப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு கூடை மலசாடாப் பணியாரம் பொரித்துக் கொடுத்தேன்.

நடுவில் ஒரு பயம் வந்து போயிற்று. ரத்தப் பரிசோதனையில் எண்கள் ஏறின. புது ஈரலை உடம்பு அந்நியன் என்று துரத்தப் பார்க்கிறதாம். நான் ஜெபமாலையை எடுத்தேன். டாக்டர் மெக்காஸ்கில் மருந்தை எடுத்தார். "இது எதிர்பாத்ததுதாம்மா. சீக்கிரம் கண்டுபிடிச்சா அடக்கிரலாம். அதுக்குத்தான் தினமும் ரத்தம் எடுக்கறோம்." அடங்கிவிட்டது. இனி ஆயுள் முழுக்கக் காலையும் மாலையும் தவறாமல் மாத்திரை. கிரேப்ஃப்ரூட் பழத்தை மட்டும் வாயில் வைக்கவே கூடாது, அது மாத்திரையோடு சண்டை போடும். வீட்டில் இருந்ததை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

பெல்மீரோவின் அம்மா, தானும் அன்றைக்கு அந்த அறையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

சர்க்கரை என்கிறாய். போன ஜூலையில் போனில் என்ன சொன்னாய்? "அவன் ஈரல் சின்னதாம்." உன் பிறந்தநாளுக்கு நான் கூப்பிட்டபோது? "ரத்தக் குழாய் கோணலாம்." இப்போது சர்க்கரை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் அக்கா, ஆனால் காதில் விழுந்ததைக் கீழே போடுகிறவள் இல்லை.

உன் மகன் கிளம்புவதற்கு முந்தின நாள் என் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் சொன்னான்.

"சித்தி, நான் பொருந்தினேன்."

"என்னடா?"

"எல்லாம் பொருந்துச்சு. ரத்தம், ஈரல், எல்லாம். தேதிகூடக் குறிச்சாங்க."

"அப்ப அவங்க சொன்னது?"

"அது அப்படித்தான் சித்தி. குடுக்கறவங்களைப் பாக்கறதுக்குத் தனி ஆளுங்க. லுசீலியாவோட டாக்டருங்க அதுல வர மாட்டாங்க. பெவர்லின்னு ஒரு அம்மா, என்னைத் தனியா உட்கார வெச்சுக் கதவ சாத்தினாங்க. 'உனக்கு வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம், அன்னைக்கு வண்டியில படுத்தப்புறமும் சொல்லலாம். வீட்டுல நாங்க பொருந்தலன்னு மட்டுந்தான் சொல்லுவோம். ஏன்னு உங்கிட்ட தவிர யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். யாரும் உன்னைக் குத்திக்காட்டக் கூடாது பாரு'ன்னாங்க. தர வர்ற எல்லாருக்கும் அப்படி வெளிய போக ஒரு கதவு உண்டாம்."

"அது வழியா நீ போயிட்ட."

"அம்மா அழுதுச்சு சித்தி" என்றான். உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தான். கடைசியில் கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது.

அதனால்தான் அன்றைக்கு நான் அவனுக்காகப் பேசியபோது உட்கார முடியவில்லை அவனால்.

என் மகள் அதற்குப் பிறகு எட்டு மாதம் மஞ்சள் கண்ணோடு படுத்திருந்தாள். இந்த ஈரல் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியும். நீ அழுதாயா அக்கா? ஆமாம் இல்லை என்று எழுது. மெழுகு வயிற்றைப் பற்றி எழுதாதே.

தியோலிந்தா


ஃபால் ரிவர்
ஏப்ரல் 1

தியோலிந்தாவுக்கு,

ஆமாம்.

அழுதேன். தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெற்ற பிள்ளையின் காலை.

அவன் அப்பா எவாரிஸ்தோ சின்னக் குடலிறக்க அறுவைக்கு நடந்துதான் போனார். போகும்போது, "ராத்திரிக்கு சூப் பண்ணி வை" என்றார். அதற்கப்புறம் அவர் கண் திறக்கவே இல்லை. அர்செனியோ என்னிடம், "அம்மா, நூத்துல தொண்ணூத்தொம்பது பேரு நல்லாதான் எந்திரிக்கறாங்க, பாதி ஈரல் குடுத்தாலும் திரும்ப வளந்துரும்" என்று படம் போட்டுக் காட்டினான். அந்த நூறாவது ஆளுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன், தங்கச்சி. எனக்கு வேறு பிள்ளை இல்லை. உன் மகள்மேல் எனக்கு உயிர். ஆனால் தராசில் என் மகனை வைத்தால் என் கை அவன் பக்கம்தான் சாயும். அதற்கு எனக்கு வெட்கமில்லை. உன்னிடம் மூன்று விதமாகப் பொய் சொன்னதற்குத்தான் வெட்கம்.

அவன் எனக்குப் பணிந்தான். அவனைத் திட்டாதே. என்னைத் திட்டு.

திட்டி முடித்த பிறகு ஒன்று யோசி. லுசீலியாவோடு ஒரே வயிற்றில் பிறந்தவன், பஸ் ஏறினால் அரை மணியில் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடியவன், உன் ஊரிலேயே இருக்கிறான். என் பிள்ளை ஏன் எல்லை தாண்டி வரவேண்டியிருந்தது? குவால்டர் எதனால் பொருந்தவில்லை? என் மகனை உருளைக்கிழங்கு சீவ வைத்துக் கேட்டாயே, உன் மகனைக் கேட்டாயா?

இனி நீ எழுத மாட்டாய் என்று நினைக்கிறேன். நீ அப்படிப்பட்டவள்தான்.

சுல்மீரா


டொரொண்டோ
மே 15, திங்கள்

சுல்மீரா அக்காவுக்கு,

ஆறு வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் பேனா கிழிக்கிற மாதிரி கோபம் வந்தது. கடைசியில் நீ கேட்டதுதான் அதைவிடப் பெரிதாக நின்றது.

நேற்று சாந்தோ கிறிஸ்தோ ஊர்வலம். நீ பார்த்திருக்க வேண்டும்! லுசீலியா வந்தாள். ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைக்கலாம் என்று பெல்மீரோ நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தான், அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, சப்பரத்துக்குப் பின்னால் இரண்டு தெரு நடந்தாள். கன்னத்தில் ரத்தம் ஓடுகிறது அக்கா. பாண்டு வாத்தியம் வாசித்த பையன்கள் வியர்த்துவிட்டார்கள், அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. போன வாரம் டாக்டர் மெக்காஸ்கில் எண்களைப் பார்த்துவிட்டு, "என் ஈரலவிட இது நல்லாருக்கு" என்றாராம். தூக்கிப் போட்டிருக்க வேண்டிய ஈரல்! வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். மூன்றாவது தட்டுக்குக் கெய்ட்லினோடு சண்டை போட்டாள். எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை, அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குவால்டர் இந்த வருஷமும் சப்பரம் தூக்கினான். மேஜையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"உங்கக்கா மகன் வரலியாம்மா? பயப்பட வேண்டாம்னு சொல்லு. இன்னைக்குக் கத்தி கோழிக்குத்தான்."

நான் வாணலியைக் கீழே வைத்தேன். "நீ எப்படா டெஸ்டுக்குப் போன?"

"அதென்ன இப்ப? போன வருஷந்தான். ஊர்வலத்துக்கு மறுநாள், திங்கக்கிழமை. வந்து சொன்னேனே."

"எதுக்குப் பொருந்தலன்னாங்க?"

"ஏன்னு சொல்ல மாட்டாங்கம்மா. அங்க வழக்கமே அதுதான்."

"அடுத்தவங்களுக்குத்தான்டா சொல்ல மாட்டாங்க. உன் உடம்ப உங்கிட்டகூடவா மறைப்பாங்க?"

கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போன வருஷம் ஊர்வலத்துக்கு மறுநாள் விக்டோரியா தினம். பாங்கு லீவு, பள்ளிக்கூடம் லீவு, ரத்தம் எடுக்கற இடம் லீவு. சப்பரம் தூக்கித் தோள் வீங்கிருச்சுன்னு நீ சாயங்காலம்வரைக்கும் என் சோபாவுல குப்புறக் கெடந்த. நான்தான் தைலம் தேச்சேன். மொதல்ல வலது தோளு. அப்புறம் எடது தோளு."

லுசீலியாதான் பேசினாள். "விடும்மா. எனக்கு அப்பவே தெரியும். பயந்திருப்பான்."

"எல்லாருந்தாம்மா பயப்படறாங்க" என்றான் குவால்டர், ஏதோ நான் அவனைத் திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி. "நான் மட்டுமா? இப்பத்தான் வேற ஈரல் கெடச்சிருச்சுல்ல?"

"பயந்ததுக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்டா. பயப்படறவனுக்குன்னுதான் அவங்க கதவே வெச்சிருக்காங்க. அர்செனியோ ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, கை நெடுக ஊசி குத்திக்கிட்டு, தேதி வரைக்கும் போய் நின்னான். அப்புறந்தான் திரும்பினான். நீ அந்த வாசப்படியே ஏறல. அவங்க வாயில வர்ற 'பொருந்தல'ங்கற வார்த்தைய மட்டும் திருடிக்கிட்டு வந்துட்ட. வந்து, ஏறினவனப் பாத்து சிரிச்ச."

அவன் எழுந்து போனான். தட்டில் கோழி அப்படியே இருந்தது. பெல்மீரோ அதை எடுத்துச் சாப்பிட்டான்.

இப்போது உனக்கு. உன்னை மன்னித்தேன் என்று எழுதினால் நீ தலைமேல் ஏறிக்கொள்வாய், அதனால் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று லுசீலியா மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியபோது, நூறாவது ஆள் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. நீ ஒருத்தரை உள்ளே அனுப்பினாய், அவர் வரவில்லை. நான் ஒருத்தியை அனுப்பினேன், வந்து சாப்பிடுகிறாள். வந்தவளின் அம்மா, வராதவரின் மனைவியிடம் கணக்குக் கேட்பது அழகில்லை. என் மகனுடைய காலைப் பிடித்து அழ வேண்டிய நிலைமை எனக்கு வந்திருந்தால் நான் காலைப் பிடித்திருக்க மாட்டேன் அக்கா. வெளியே போகவிடாமல் கதவைப் பூட்டியிருப்பேன். பொய்களுக்கு மட்டும் ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். அதை நேரில் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

அர்செனியோவை அன்றைக்குக் கிழங்கு சீவும்போதே மன்னித்துவிட்டேன், அவனுக்குச் சொல்லவில்லை. நீ சொல். ஜூலையில் அவனையும் கூட்டிக்கொண்டு வா. லுசீலியா உன் அறையைத் தானே கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள், கையைத் தலைக்குமேல் தூக்கி ஜன்னல்கூடத் துடைக்கிறாள். வந்து பார்.

குவால்டரை அவள் மன்னித்துவிட்டாளாம். அது அவள் ஈரல், அவள் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை வருவான், சாப்பாடு போடுவேன், பனி பெய்தால் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றி அனுப்புவேன். பெற்றவள் செய்யவேண்டியதில் ஒன்றும் குறையாது.

உன் தங்கை,
தியோலிந்தா

பி.கு.: நீ வந்ததும் வாசலில் நின்று முதலில் இதைத்தான் கேட்பாய், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். உன்னை இல்லை. உன் மகனை இல்லை. இந்தப் பூமியில் நான் மன்னிக்கப்போவதில்லை என்று வைத்திருப்பது ஒரே ஒரு ஆளைத்தான். நான் பெற்ற குவால்டரை.